ஓட வைப்பதற்கு முன்னால்

1968ல் லண்டன் பாலம் விற்கப்பட்டது. தேம்ஸ் நதியின் மேல் 1831 முதல் நின்றிருந்த கற்பாலம் அது. 24,60,000 டாலர் கொடுத்து அதை வாங்கியவர் ராபர்ட் மெக்குல்லக் என்ற அமெரிக்கத் தொழிலதிபர். முகப்புக் கற்களுக்கு எண் போட்டுக் கழற்றி, கப்பலேற்றி, அரிசோனா பாலைவனத்தில் தான் உருவாக்கிய லேக் ஹவாசு சிட்டியில் மறுபடி நிறுத்தினார். 1971ல் திறப்பு விழா நடந்தது. பாலத்தையே விலைபேசும் அளவுக்கு அவரிடம் பணம் சேர்ந்ததில் மரம் அறுக்கும் இயந்திரத்துக்கு, அதாவது செயின் சாவுக்குப் பெரிய பங்கு உண்டு.

அவருடைய கம்பெனி 1949ல் கொண்டுவந்த 3-25 என்ற மாடலின் எடை 25 பவுண்டு, அதாவது 11 கிலோவுக்குச் சற்று மேல். இன்றைய கைக்கு அது பாரம்தான். ஆனால் ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1929ல் செய்த பெட்ரோல் இயந்திரம் 46 கிலோ எடையுள்ளது. ஆளுக்கொரு முனையாக இரண்டு பேர் பிடித்தால்தான் அதை மரத்தில் வைக்கவே முடியும். இருபது வருடத்தில் இருவர் சுமந்தது ஒருவர் கைக்கு வந்துவிட்டது. அதன் பிறகு வந்த முப்பது வருடங்கள் இந்த இயந்திரத்தின் பொற்காலம். ஸ்வீடனின் யோன்செரெட் 1954ல் ராகெட் மாடலை விட்டது. ஸ்டில் 1959ல் காண்ட்ராவைக் கொண்டுவந்தது: 6 குதிரைசக்தி, 12 கிலோ, இடையில் கியர் கிடையாது, என்ஜின் சுழலும் வேகத்திலேயே சங்கிலியும் ஓடும். அதே 1959ல் ஹஸ்க்வர்னாவும் களத்தில் இறங்கியது. ஹோம்லைட் 1963ல் எக்ஸ்எல்-12 என்ற 54 சிசி மெஷினை விட்டபோது, சங்கிலி ஓடும் தகடான பாரும் சங்கிலியும் நீங்கலாக எடை 12 பவுண்டு, ஐந்தரைக் கிலோதான்.

அந்த மெஷின்கள் செத்துப்போகவில்லை. அமெரிக்காவின் ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களிலும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் பண்ணைக் கொட்டகைகளில், பழைய கேரேஜ்களில், ஏலத்துக்கு வரும் தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவே இன்னும் கிடக்கின்றன. காட்டுத் தொழிலில் இருந்த தாத்தா போனபின், பேரன் வீட்டு வாசலில் மேஜை போட்டு விற்கிற பொருட்களில் ஒன்றாக வெளியே வருகின்றன. அவற்றைத் தேடி வாங்கிப் பிரித்து, பழுது நீக்கி, சில சமயம் மூல வேகத்தைவிடக் கூடுதலாக ஓடச் செய்வதை வார இறுதி வேலையாக வைத்திருக்கும் கூட்டம் ஒன்று அங்கே இருக்கிறது. ஓய்வுபெற்ற மரவெட்டிகள், மெக்கானிக்குகள், ஆசிரியர்கள், கணினி வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் அதில் உண்டு. ஆர்எக்ஸ் 100 பைக்கை இருபது வருடம் கழித்தும் விடாமல் வைத்திருக்கிற நம்மூர்க்காரர் ஒருவரை அந்தக் கேரேஜில் கொண்டுபோய் நிறுத்தினால் மொழியே தேவைப்படாது. அதே டூ ஸ்ட்ரோக் புகை, அதே பிடிவாதம்.

இந்த வேலையில் பழகியவர்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: வாங்கி வந்த மெஷினை உடனே ஸ்டார்ட் செய்யாதே. விற்பவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள், "கடைசியா நிறுத்தும்போது நல்லா ஓடுச்சு" என்று. அது உண்மையாகவே இருக்கும். ஆனால் நிறுத்தியதற்கும் இன்றைக்கும் நடுவே முப்பது வருடம் போயிருக்கிறது. உள்ளே இருக்கிற ரப்பர் எல்லாம் காய்ந்து விறைத்திருக்கும். அந்த நிலையில் புது பெட்ரோல் ஊற்றி இழுத்தால் பெரும்பாலும் ஓடும். கேட்பதற்குச் சந்தோஷமாகவும் இருக்கும். பத்து நிமிடத்தில் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும்.

காரணம் எளிது. டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்குத் தனியாக ஆயில் கிடையாது. பெட்ரோலில் கலந்து வருகிற ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் உயவு. கிராங்க் ஷாஃப்டின் இரு பக்கமும் உள்ள ஆயில் சீல் காய்ந்து இடைவெளி விட்டிருந்தால் அந்த வழியாக வெளிக்காற்று உள்ளே புகும். கலவையில் காற்று கூடி பெட்ரோல் குறையும். பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைந்தது என்று அர்த்தம். சூடு ஏறும் அதே நேரத்தில் வழவழப்பும் போகும். அலுமினிய பிஸ்டன் விரிந்து சுவரை உரசும். மெக்கானிக்குகள் 'சீஸ் ஆயிடுச்சு' என்பது இதைத்தான். ஓடாத மெஷினை விற்றவரைக் குறை சொல்வதில் பயனில்லை. ஓடிய மெஷினைக் கெடுப்பது பெரும்பாலும் வாங்கியவரின் அவசரம்தான்.

ஆகவே முதல் வேலை சைலன்சரைக் கழற்றுவது. இரண்டு மூன்று போல்ட்தான். கழற்றியதும் புகை போக்கித் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் பிஸ்டனின் பக்கவாட்டு தெரியும். சாம்பல் நிறத்தில், கடைசல் கோடுகள் இன்னும் படுக்கைவாட்டில் மங்கலாகத் தெரிந்தால் நல்ல செய்தி. மேலிருந்து கீழாகக் கீறல்கள் இருந்தால் அந்த என்ஜின் ஒரு முறை எரிந்திருக்கிறது. கீறல் புகை போக்கும் பக்கம் மட்டுமா, நாலு பக்கமுமா என்பதையும் கவனிக்க வேண்டும். புகை போக்கும் பக்கம்தான் எப்போதும் அதிகச் சூடு. அங்கே மட்டும் கீறல் என்றால் காற்று கசிந்து அல்லது கார்புரேட்டர் தவறாகத் திருகப்பட்டுச் சூடேறியது என்று ஊகிக்கலாம். நாலா பக்கமும் என்றால் யாரோ ஆயில் கலக்காத பெட்ரோலை ஊற்றியிருக்கிறார்கள்.

இன்னொரு சோதனைக்குக் கருவியே வேண்டாம். ஸ்டார்ட்டர் கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து மெஷினை மெதுவாகத் தரையிலிருந்து தூக்க வேண்டும். கம்ப்ரஷன் நன்றாக இருந்தால் மெஷின் கயிற்றில் தொங்கியபடி நிற்கும், அல்லது விட்டு விட்டு, படிப்படியாக இறங்கும். தடையே இல்லாமல் சர்ரென்று இறங்கினால் ரிங்கோ சிலிண்டரோ போய்விட்டது. ஏலத்தில், மூடியைக் கழற்ற அனுமதி இல்லாத இடத்தில், இந்த ஒரு சோதனை நிறையப் பணத்தை மிச்சப்படுத்தும்.

பிறகு சுத்தம் செய்வது. இதைச் சலிப்பான வேலையாக நினைப்பவர்கள் உண்டு. மரத்தூளும் சங்கிலி ஆயிலும் சேர்ந்து சிலிண்டரின் குளிர்விப்புத் தகடுகளுக்கு நடுவே கெட்டியான அடையாகப் படிந்திருக்கும். குச்சியால் குத்தினால் கட்டி கட்டியாக வரும். எலிக்கூடும் குளவிக்கூடும்கூட அங்கே இருக்கும். ஃப்ளைவீலின் இறக்கைகள் ஊதுகிற காற்று அந்த இடுக்கு வழியாகப் போனால்தான் என்ஜின் பிழைக்கும். அடையை வழிக்கும்போதே விரிசல், உடைந்த தகடு, யாரோ மாட்டிய தப்பான போல்ட் எல்லாம் கண்ணில் படும். மெஷினின் சரித்திரத்தைச் சுத்தம் செய்யும் கைதான் முதலில் படிக்கிறது. பழைய கேஸ்கெட்டுகளை மட்டும் உலர்ந்த நிலையில் சுரண்டக் கூடாது. அந்தக் காலத்து கேஸ்கெட்டில் கல்நார் இருக்கக்கூடும். ஈரப்படுத்தி, முகமூடி போட்டு எடுப்பதே முறை.

தீப்பொறிக்கு வருவோம். 1970களுக்கு முந்தைய மெஷின்களில் பொறியை உண்டாக்குவது பெரும்பாலும் பாயின்ட்டும் கண்டென்சரும்தான், அவை ஃப்ளைவீலுக்கு அடியில் ஒளிந்திருக்கும். ஃப்ளைவீலைக் கழற்ற கிராங்க் சுழலாமல் நிற்க வேண்டும். பிளக் துளை வழியாக நைலான் கயிற்றைத் திணித்து பிஸ்டனை அதன் மேல் ஏற்றி நிறுத்துவது நல்ல வழி. ஆனால் பிஸ்டன் மேலேறி போர்ட்டுகளை, அதாவது சிலிண்டர் சுவரிலுள்ள துளைகளை, மூடியபின்தான் கயிறு உள்ளே போக வேண்டும். முன்னாலேயே திணித்தால் கயிறு போர்ட்டின் விளிம்பில் மாட்டி நசுங்கும். மறுபக்கம் உள்ள கிளட்சுக்குப் பெரும்பாலும் இடது மரை. வழக்கத்துக்கு மாறாக வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். அதை அறியாமல் பலம் முழுவதையும் காட்டி கிராங்கை முறித்தவர்கள் இருக்கிறார்கள். கிளட்சில் கழற்றும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கிறதா என்று துடைத்துப் பார்த்துவிட்டுக் கை வைக்கலாம்.

மூடி திறந்ததும் பாயின்ட் புதிது போலவே இருக்கும். ஆனால் பொறி வராது. பல வருடம் சும்மா கிடந்ததில் அந்தச் சின்ன உலோகப் பொட்டுகளின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் படிந்து மின்சாரத்தைத் தடுக்கும். மெல்லிய எமரித் தாளை நடுவே கொடுத்து இரண்டு இழுப்பு. பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த விசிட்டிங் கார்டைப் பாயின்ட்டுகளுக்கு நடுவே வைத்து இழுத்தால் அட்டையில் கறுப்புக் கோடு விழும். கோடு விழுவது நிற்கும் வரை புதிய அட்டையால் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். செத்தது என்று ஒதுக்கிய எத்தனையோ மெஷின்கள் இந்த ஓர் அட்டையில் உயிர்த்திருக்கின்றன. இடைவெளியை ஃபீலர் கேஜால் வைக்க வேண்டும். பொதுவாக 0.4 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். காயிலுக்கும் ஃப்ளைவீல் காந்தத்துக்கும் நடுவே அதே விசிட்டிங் கார்டின் கனம் இருந்தால் போதும்.

இந்த மெஷினின் மிக அழகான பாகம் எது என்று கேட்டால் நான் கார்புரேட்டரைத்தான் காட்டுவேன். பைக் கார்புரேட்டரில் மிதவை ஒன்று இருக்கிறது. கிண்ணத்தில் பெட்ரோல் நிறைந்ததும் மிதவை எழும்பி வழியை மூடும். வண்டி நிமிர்ந்து நிற்கும் வரை அது சரி. மரம் வீழ்த்துகிறவர் மெஷினைப் பக்கவாட்டில் சாய்க்க வேண்டும், கிளை கழிக்கும்போது தலைகீழாகவும் பிடிப்பார். மிதவை வைத்த முதல் தலைமுறை மெஷின்களில் என்ஜினைச் சாய்க்கவே முடியாது. ஆகவே என்ஜின் நிமிர்ந்தபடி இருக்க, பாரை மட்டும் திருப்பிப் பூட்டுகிற தனி ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் நிறுத்தி, திருப்பி, பூட்டி வேலை செய்தார்கள். அந்தச் சிறையிலிருந்து விடுவித்தது டயாஃப்ரம். மிதவைக்குப் பதிலாக ஒரு மெல்லிய சவ்வு, அதன் ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் வெளிக்காற்று. என்ஜின் உறிஞ்சும்போது சவ்வு உள்வாங்கி ஒரு சின்ன நெம்புகோலை அழுத்தும், ஊசி வால்வு திறக்கும், தேவைக்கு மட்டும் பெட்ரோல் வரும். எந்தப் பக்கம் திருப்பினாலும் அதற்குக் கவலையில்லை. டேங்கிலிருந்து பெட்ரோலை இழுப்பதும் இன்னொரு சவ்வுதான். பிஸ்டன் ஏறி இறங்கும்போது கிராங்க் கேஸில் அழுத்தம் கூடிக் குறையும். அந்தத் துடிப்பு ஒரு துளை வழியாக வந்து சவ்வை ஆட்டும், சவ்வு பம்பாக வேலை செய்யும். அமெரிக்காவின் டில்லட்சன் கம்பெனி செய்த எச்எல் வகைக் கார்புரேட்டரைப் பிரித்து மேஜையில் பரப்பினால் மொத்தம் ஒரு கையளவு பாகம்கூட இருக்காது.

அந்தச் சவ்வுதான் முதலில் சாகிறது. புதிய சவ்வு பழந்துணி போல விரலில் தொய்யும். பழையது தாளைப் போல மொடமொடக்கும். மொடமொடத்தால் வேறு பேச்சில்லை, மாற்ற வேண்டியதுதான். டில்லட்சன், வால்ப்ரோ கார்புரேட்டர்களுக்குப் பழுதுபார்க்கும் கிட் இன்றைக்கும் கிடைக்கிறது. ஐம்பது வருடத்துக்கு முந்தைய மாடல்களுக்கும். கிட்டை மாட்டும்போது கவனிக்க வேண்டியது நெம்புகோலின் உயரம். பல மாடல்களில் அது கார்புரேட்டர் அறையின் தரையோடு மட்டமாக இருக்க வேண்டும். மயிரிழை உயர்ந்தால் பெட்ரோல் வழியும், தாழ்ந்தால் பட்டினி. கேஸ்கெட்டும் சவ்வும் எது முதலில், எது அடுத்து என்பது பம்புப் பக்கத்துக்கும் பெட்ரோலை அளந்து விடும் பக்கத்துக்கும் நேர் எதிராக இருக்கும். கழற்றும்போதே கைபேசியில் படம் எடுத்துவைப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் வராது.

இனிதான் முக்கியமான கட்டம். பலர் இதைத் தாண்டிப் போகிறார்கள், பிறகு புது பிஸ்டன் வாங்குகிறார்கள். கார்புரேட்டர் பக்கத்தையும் சைலன்சர் பக்கத்தையும் பழைய டியூப் ரப்பர் வைத்து இறுக்கி அடைத்துவிட்டு, பிளக் துளை வழியாகக் கைப்பம்பால் சுமார் 7 பிஎஸ்ஐ அழுத்தம் ஏற்ற வேண்டும். முள் அசையாமல் நின்றால் நல்லது. இறங்கினால் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் எல்லா மூட்டிலும் தடவிப் பார்க்க வேண்டும், குமிழி வரும் இடம் குற்றவாளி. அத்தோடு நிறுத்தக் கூடாது. அதே பம்பை வெற்றிடத்துக்கு மாற்றி உறிஞ்சியும் பார்க்க வேண்டும். ஆயில் சீலின் உதடு உள்ளிருந்து அழுத்தினால் ஷாஃப்டோடு ஒட்டிக்கொள்ளும், உறிஞ்சினால் விலகி வழிவிடும். அழுத்தச் சோதனையில் தேறி வெற்றிடத்தில் தோற்கிற சீல்கள் நிறைய. சீல் விலை மலிவு. பம்பும் ஒரே ஒரு முறை வாங்குகிற செலவு. இந்தச் சோதனையைச் செய்யாமல் பழைய செயின் சாவை நான் ஸ்டார்ட் செய்யமாட்டேன், யாரையும் செய்ய விடவும் மாட்டேன்.

ஏற்கெனவே சீஸ் ஆன என்ஜின் கைக்கு வந்தால் உடனே நம்பிக்கை இழக்க வேண்டாம். முலாம் பூசிய சிலிண்டரில் கீறலாகத் தெரிவது பாதி நேரம் கீறலே அல்ல. பிஸ்டனின் அலுமினியம் உருகி முலாமின் மேல் ஒட்டியிருப்பது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு அந்த இடத்தில் மட்டும் தடவினால் நுரைத்துக் கொதிக்கும். அலுமினியத்தைத் தின்று முடித்ததும் நுரை நிற்கும். சோடா உப்பு கரைத்த தண்ணீரில் கழுவி, மெல்லிய உப்புத்தாள் போட்டால் பளபளக்கும் முலாம் கீழே முழுதாக இருக்கும். திறந்த வெளி, கண்ணாடி, கையுறை மூன்றும் கட்டாயம். போர்ட்டுகளின் விளிம்பில் முலாமில்லாத வெறும் அலுமினியம் இருக்கிறது, அங்கே அமிலம் பட்டால் அதையும் தின்னும். முலாம் முழுதும் போய் நுரை நிற்காமலே இருந்தால் சிலிண்டர் முடிந்தது. இன்னொரு எச்சரிக்கை. சில மாடல்களில் முலாம் சிலிண்டரில் இல்லை, பிஸ்டனில்தான் இருக்கும். சிலிண்டர் சுவர் சிலிக்கான் கலந்த அலுமினியம். அந்தச் சிலிண்டரில் அமிலத்தை வைத்தால் கதை முடிந்தது. மாடல் எது என்று தெரிந்துகொண்டு பாட்டிலைத் திறக்க வேண்டும்.

பெட்ரோல் விஷயத்தில் காலம் மாறிவிட்டது. அமெரிக்காவில் பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்தது. இந்தியாவில் அது இப்போது 20 சதவீதத்துக்கு வந்துவிட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊதவைக்கும், சவ்வை விறைக்க வைக்கும். கார்புரேட்டரில் அதைத் தேங்க விட்டுச் சேமித்து வைப்பதுதான் பெரிய கெடுதல். எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைக்கும் ஊரில் அதைத்தான் இந்தப் பொழுதுபோக்கினர் வாங்குகிறார்கள். கிடைக்காத இடத்தில் ஓட்டி முடித்ததும் டேங்கைக் கவிழ்த்து, மீதி பெட்ரோல் தீரும் வரை என்ஜினை ஓடவிட்டு வைப்பார்கள். ஆயில் அளவு பற்றி எல்லாக் கேரேஜிலும் சண்டை உண்டு. பழைய மெஷின்களின் தகட்டில் 16க்கு 1 என்று அச்சடித்திருக்கும். அது அந்தக் காலத்துச் சாதாரண 30 கிரேடு ஆயிலுக்கான கணக்கு. இன்றைய நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயிலுக்கு 32க்கு 1 போதும், 5 லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 156 மில்லி. சிலர் 40க்கு 1 என்கிறார்கள். பழைய பேரிங்குக்கு நான் 32ஐத் தாண்ட மாட்டேன்.

இப்போது ஸ்டார்ட் செய்யலாம். கார்புரேட்டரில் இரண்டு திருகு ஊசிகள் இருக்கும், ஒன்று ஸ்லோ ஓட்டத்துக்கு, மற்றது முழு வேகத்துக்கு. இரண்டையும் மெதுவாக, அழுத்தாமல் மூடி, ஒரு சுற்றுத் திறந்து தொடங்குவது வழக்கம். ஸ்லோ ஓட்டம் சரியானபின் முழுத் திராட்டில் கொடுத்துக் காதால் கேட்க வேண்டும். சும்மா ஓடும்போது சத்தம் சற்று கரகரப்பாக, தடுமாறுவது போல வர வேண்டும். கலவையில் பெட்ரோல் கொஞ்சம் கூடுதல் என்று பொருள். மரத்தில் வைத்து அழுத்தியதும் அந்தக் கரகரப்பு மறைந்து சத்தம் சீராக வேண்டும். மரத்தில் வைப்பதற்கு முன்பே சத்தம் கூர்மையாகச் சீழ்க்கை அடித்தால் பெட்ரோல் போதவில்லை. ஊசியை உடனே திறக்க வேண்டும். கரகரப்பு மரத்திலும் தீரவில்லை என்றால் கொஞ்சம் மூடலாம். இந்தச் சத்த வித்தியாசத்தைக் காது பிடித்துக்கொள்ளச் சில நாள் ஆகும். பழகியவர் பக்கத்தில் நின்று ஒரு முறை கேட்டால் வேகமாக வரும்.

மெஷின் சரியாக ஓடத் தொடங்கியதும் அடுத்த ஆசை வரும், இதை இன்னும் வேகமாக்கினால் என்ன என்று. அந்த ஆசைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1950களின் இறுதியில் அமெரிக்காவில் கோ-கார்ட் பந்தயம் பரவியபோது மெக்குல்லக் செயின் சா என்ஜின்கள் அந்தச் சின்ன வண்டிகளில் ஏறின. 1959ல் அந்தக் கம்பெனியே செயின் சா என்ஜினை அடிப்படையாக வைத்து எம்சி-10 என்ற கார்ட் என்ஜினை விற்கத் தொடங்கியது. 1985ல் தொடங்கிய ஸ்டில் டிம்பர்ஸ்போர்ட்ஸ் போட்டிகளில் 'ஹாட் சா' என்றே ஒரு பிரிவு இருக்கிறது. போட்டியாளர் விசேஷமாக மாற்றியமைக்கப்பட்ட ஒற்றைச் சிலிண்டர் மெஷினால், குறித்த அளவு மரத்துண்டிலிருந்து மேலிருந்து கீழாக ஒன்று, கீழிருந்து மேலாக ஒன்று, மறுபடி மேலிருந்து கீழாக ஒன்று என மூன்று வட்டத் தகடுகளைச் சில நொடிகளில் அறுத்துத் தள்ளுவார்.

வீட்டுக் கேரேஜில் செய்யும் மாற்றங்களில் எது பழைய நிலைக்குத் திருப்பக்கூடியது, எது திருப்ப முடியாதது என்று முதலில் பிரிக்க வேண்டும். பாயின்ட்டை எடுத்துவிட்டு மின்னணு மாட்யூல் வைக்கலாம். பழைய பாகங்களைப் பெட்டியில் பத்திரப்படுத்தினால் எப்போது வேண்டுமானாலும் திரும்ப மாட்டலாம். சைலன்சருக்கு இன்னொரு மூடி கிடைத்தால் அதில் துளையைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். 1980களுக்குப் பிந்தைய, சத்தம் குறைக்க மூச்சை அடைத்த மெஷின்களில் இதற்கு நல்ல பலன் தெரியும். 1960களின் மெஷின்களில் சைலன்சரே பெயருக்குத்தான், திறந்து ஆகப்போவது ஒன்றுமில்லை, காதுதான் கெடும். எதுவானாலும் மூச்சு அதிகமானால் பெட்ரோலும் அதிகம் வேண்டும். முழு வேக ஊசியை மறுபடி சரிசெய்யாமல் மரத்தில் வைத்தால் மறுபடியும் சீஸ்.

சிலிண்டர் போர்ட்டைக் குடைவது திரும்ப முடியாத வேலை. சிலிண்டருக்கு அடியில் உள்ள கேஸ்கெட்டை எடுத்துக் கம்ப்ரஷனைக் கூட்டலாம் என்பார்கள். அதற்கு முன் ஈய சால்டர் கம்பியைப் பிளக் துளை வழியாகச் சிலிண்டர் ஓரத்தில் வைத்து என்ஜினைக் கையால் ஒரு சுற்றுச் சுழற்றி, நசுங்கிய கம்பியின் கனத்தை அளக்க வேண்டும். கேஸ்கெட் போனபின் மிச்சம் அரை மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால் பிஸ்டன் தலையில் முட்டும். போர்ட்டை அகலமாக்கினால், சிலிண்டர் விட்டத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டும்போது ரிங் அதற்குள் துருத்தி உடையும். குடைந்த விளிம்பைச் சாய்த்து மழுக்காமல் விட்டாலும் அதே முடிவு. கிராங்க் முனையில் கோணத் தட்டு மாட்டி, போர்ட் எந்தப் பாகையில் திறக்கிறது, எதில் மூடுகிறது என்று எழுதிவைத்துவிட்டுத்தான் பழகியவர்கள் குடையத் தொடங்குகிறார்கள். அரிதான மாடலில் இந்த வேலையைச் செய்வதை நான் ஏற்கவில்லை. லட்சக்கணக்கில் விற்ற மாடலை எடுத்து, அதிலும் ஏற்கெனவே அடிபட்ட சிலிண்டரில் பழகுங்கள். உலகில் சிலவே மிச்சமுள்ள ஒரு மெஷினைக் குடைந்தால் பிறகு அதை மூல நிலையில் பார்க்க யாராலும் முடியாது.

இவ்வளவையும் சொன்னபிறகு, பழைய செயின் சாவுக்குச் செய்யக்கூடிய மிகச் சிறந்த மாற்றம் என்ஜினில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது சங்கிலியில் இருக்கிறது. ஆரம்பகாலச் சங்கிலிகள் கைரம்பத்தின் பற்களைச் சங்கிலியில் கோத்தது போல இருந்தன. மரத்தைக் கீறிக் கீறித் தூளாக்கின, தீட்டுவதும் பெரும்பாடு. ஓரிகனில் மரவெட்டியாக இருந்த ஜோ காக்ஸ், 1946ல் ஓர் அடிமரத்தில் வண்டுப் புழு குடைவதைக் கவனித்தார். அதன் தாடைகள் இடமும் வலமுமாக மாறி மாறி மரத்தைச் செதுக்கிக்கொண்டு போயின. அதே முறையில் இடப்பல், வலப்பல் என மாறி மாறி வருகிற சங்கிலியைச் செய்து, 1947ல் போர்ட்லாந்தில் விற்கத் தொடங்கினார். இன்று உலகம் முழுக்க ஓடும் சங்கிலிகள் அந்த வம்சம்தான். பழைய மெஷின்கள் பலவற்றில் அரை அங்குல பிட்ச் சங்கிலிகள், இன்றைக்குக் கடையில் கிடைக்காத அளவுகள். ஸ்ப்ராக்கெட்டையும் பாரையும் மாற்றி இன்று கிடைக்கும் எட்டில் மூன்று அங்குல பிட்சுக்கு, பெரிய மெஷினானால் .404க்கு மாற்றிவிட்டால் அந்த மெஷின் மறுபடி வேலைக்காரன் ஆகிறது. பழைய பாகங்கள் பெட்டியில் இருக்கும். சக்தி போதவில்லை என்று கொண்டுவரப்படும் மெஷின்களில் பாதிக்கு, உருண்டை அரத்தை எடுத்து ஒவ்வொரு பல்லையும் 30 பாகையில், சம எண்ணிக்கை இழுப்பில் தீட்டுவதே மருந்து.

உடலைப் பற்றிப் பேச வேண்டிய இடம் இது. எடை குறைக்க இந்த மெஷின்களின் உடலை மக்னீசியத்தில் வார்த்தார்கள். மக்னீசியத் தூள் நெருப்புப் பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஊற்றினால் இன்னும் மூளும். கிரைண்டர் வைக்கும்போது தூள் சேர விடாமல், பக்கத்தில் உலர்ந்த மணல் வாளியோடுதான் வேலை. இரும்பு போல்ட்டை வெறியோடு இறுக்கினால் மக்னீசிய மரை வழுக்கிவிடும்.

மெஷினைப் பிடிக்கும் கைக்கு வருவோம். அதிர்வு தாங்கும் ரப்பர் பிடிகள் 1960களின் பிற்பாதியிலிருந்துதான் பரவலாகத் தொடங்கின, சங்கிலி பிரேக் 1970களில். அதற்கு முந்தைய மெஷின்களில் நாள் முழுக்க வேலை செய்த காட்டுத் தொழிலாளிகளின் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போகும் நோய்க்கு ஆளாயின. இரத்தக் குழாயும் நரம்பும் கெட்டதால் வந்தது அது. பாரின் மூக்கு நுனி எதிலாவது முட்டினால் மெஷின் நொடியில் முகத்தை நோக்கி எகிறும். புது மெஷினில் முன்கைக் காப்பு மணிக்கட்டில் பட்டதும் பிரேக் சங்கிலியை நிறுத்தும். பழையதில் அதை நிறுத்த எதுவுமில்லை. அழகான கருவி, உண்மை. ஆனால் அது உருவான காலத்தில் உயிரின் விலையைக் குறைவாக மதித்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

ஆகவே பழைய மெஷினை ஓட்டிப் பார்க்கும் ஆசைக்குத் தரையில் உறுதியாகக் கிடத்திய மரக்கட்டை போதும். நிற்கிற மரத்தை வீழ்த்தவோ, புயலில் சாய்ந்து முறுக்கேறிக் கிடக்கிற மரத்தை அறுக்கவோ அதை எடுக்காதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து கிடந்த தென்னைகளைப் பார்த்தவர்களுக்கு, எந்தக் கட்டை எந்தப் பக்கம் எகிறும் என்று கணிப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். அந்த வேலைக்குச் சங்கிலி பிரேக் உள்ள புது மெஷின், ஹெல்மெட், காதுமூடி, கால்காப்பு உடை எல்லாம் வேண்டும்.

முதல் மெஷினாக எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஹோம்லைட் எக்ஸ்எல்-12. நிறைய விற்றது, உதிரி பாகம் கிடைக்கிறது, பிரிப்பது எளிது, கெடுத்தாலும் ஓர் அரிய பொருள் உலகிலிருந்து போய்விடாது. எதை வாங்கினாலும் சைலன்சரைக் கழற்றி பிஸ்டனைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுப்பவரிடம், எவ்வளவு மலிவாகச் சொன்னாலும், வாங்காதீர்கள்.